கதவு சாத்தியிருந்த நாற்பது நிமிஷம்

அத்தியாயம் 11

ஊசியின் காது தலைமுடி புகும் அளவுதான். நூலின் முனையை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோத்தால் மூன்றாவது முயற்சியில் ஏறும். இன்று முதல் தடவையிலேயே ஏறிவிட்டது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

மணி நாலு. கதவைச் சாத்தியாயிற்று. போன் சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், சத்தம் அணைந்து கிடக்கிறது. இனி நாலு நாற்பது வரை அவள் யாருக்கும் யாருமில்லை.

இந்த நாற்பது நிமிஷம் அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

பதினாறு வருஷமாக அவசர உதவி மையத்தில் போன் எடுப்பவள் அவள். தீ, விபத்து, மாரடைப்பு, பிரசவ வலி என்று ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் அவள் காதில்தான் விழும். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்க முடியவில்லை. இரண்டு கைகளும் மேஜைமேல் கிடந்து தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தன.

அலுவலகம் அனுப்பிவைத்த ஆலோசகர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "தினமும் நாப்பது நிமிஷம். கைக்கு வேலை, காதுக்கு லீவு. நேரம் கிடைச்சா செய்யறேன்னு சொல்லாதீங்க. நேரம் என்னிக்கும் கிடைக்காது. எடுத்துக்கணும்" என்றார்.

மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கப் போன கடையில் கண்ணாடிப் பாசிமணிப் பாக்கெட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாங்கினாள். அவ்வளவுதான்.

பின்னறையைக் காலிசெய்து, பழைய மேஜையைப் போட்டு, தலைக்குமேல் பல்பு மாட்டிக் கொடுத்தது கணவர்தான். டவுன் பஸ் டிரைவர். வீட்டில் எல்லாரையும் நிற்கவைத்து உத்தரவு போட்டார்: "நாலுலேர்ந்து நாலு நாப்பது வரைக்கும் இந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது. வீடு தீப்பிடிச்சா நானே அணைச்சுக்கறேன்."

எல்லாரும் என்றால் இரண்டே பேர். பதினேழு வயது மகள். பிறந்தபோது கைக்குள் அடங்கும் அளவு இருந்ததால் பட்டாணி என்று ஒட்டிக்கொண்ட பெயர், உயரத்தில் அம்மாவைத் தாண்டிய பிறகும் போகவில்லை. இன்னொருத்தி நாத்தனார், கணவரின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாகப் புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவள். கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள். மிஷினைவிட அவள் வாய் வேகமாக ஓடும்.

இன்று மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோதே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"நானும்தான் காலையிலேர்ந்து ஊசியும் நூலுமா உக்காந்திருக்கேன். அதுக்காகக் கதவைச் சாத்திக்கிட்டா உக்காந்திருக்கேன்?"

"நீ தைக்கிறது வேலை. இது எனக்கு மருந்து" என்றாள் அவள்.

"நல்ல மருந்து அண்ணி. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க."

சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். மூன்றே முக்காலுக்கு டியூஷன் கிளம்பிய பட்டாணி, அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். "அம்மா..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வரேன்."

இரண்டு நீலம், ஒரு வெள்ளை, இரண்டு நீலம். மணிக்கட்டில் கட்டும் பட்டை அது. ஒரு மணியை விட்டு அடுத்த மணிக்குள் ஊசியைச் செலுத்தி, நூலை இழுத்தால், புது மணி போய்ப் பல்வரிசையில் பல்லைப் போல உட்காரும். எண்ணிக்கை தவறக் கூடாது. தவறினால் நாலு வரி கழித்துத்தான் தெரியும், அதுவரை அவிழ்க்க வேண்டும். எண்ணும்போது காதுக்குள் வேறு எந்தக் குரலும் இருப்பதில்லை. அதற்காகத்தான் உட்கார்கிறாள்.

கதவு அதிர்ந்தது.

யாரோ இரண்டு உள்ளங்கைகளாலும் இடித்தார்கள். "அண்ணி! கதவைத் திறங்க! அண்ணி!"

எழுந்த வேகத்தில் மணித் தட்டு புரண்டது. மணிகள் தரையெங்கும் சிதறி ஓடின. அவற்றை மிதித்துக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். நாத்தனார் மூச்சிரைக்க நின்றாள். தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தவள், கையில் காலிப் பையோடு.

"போன் எங்க? உங்க போன் எங்க அண்ணி?"

"என்ன ஆச்சு?"

"அண்ணன் பஸ்ல மயங்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம். பட்டாணி உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு எனக்கு அடிச்சா."

"பட்டாணியா? அவ டியூஷன்ல இல்ல இருக்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கிளம்புங்க முதல்ல!"

சமையலறைக்கு ஓடினாள். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் போன் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது. ஏழு அழைப்புகள். நாலு பதினேழுக்கு இரண்டு, நாலு பதினெட்டுக்கு மூன்று, நாலு இருபதுக்கு இரண்டு. எல்லாம் பட்டாணி.

திரும்பக் கூப்பிட்டாள். மகளின் போன் அணைந்திருந்தது.

தெருமுனையில் வாடகைக் கார் கிடைத்தது. உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பஸ் ஓடிக்கிட்டு இருந்ததா?"

"ஓரமா நிறுத்திட்டுத்தான் சாஞ்சாராம். பாலத்துக்கு இந்தப் பக்கம். உள்ள நாப்பது பேர் இருந்தாங்களாம்." நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா வேர்வையா என்று தெரியவில்லை. அதன்பிறகு வாயை அடக்க அவளால் முடியவில்லை. "ஊர்ல எவனுக்கோ நெஞ்சு வலின்னா உங்க காதுல விழுது. பெத்த பொண்ணு ஏழு தடவை கூப்பிட்டது விழல. நான் சொன்னா மட்டும் நாத்தனார் குத்திக்காட்டறான்னு ஆயிடும்."

அவள் போன் திரையைத் திரும்பப் பார்த்தாள். ஏழு தடவை. மகள் அங்கே கூட்டத்துக்கு நடுவில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'எடும்மா, எடும்மா' என்று சொல்லியிருப்பாள். இவள் இங்கே இரண்டு நீலம் ஒரு வெள்ளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இனிமே உக்கார மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"அந்த ரூம்ல. இனிமே உக்கார மாட்டேன்."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லி நடக்காதது இப்படி ஒரே நொடியில் நடந்துவிட்டதில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார் சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. அலுவலகத்து மேற்பார்வையாளர் அம்மா. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான்தான்ம்மா. உன் வீட்டு அழைப்பு என்கிட்டதான் வந்துச்சு. ஆறு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் போயிடுச்சு. ஏத்தும்போது அவரே பேசினாராம். பயப்படாத."

"தேங்க்ஸ் மேடம்."

அந்தப் பக்கம் உடனே வைக்கவில்லை. "இன்னொண்ணு. இதை உன்கிட்ட சொல்லக் கூடாது, விதி உனக்கே தெரியும். ஆனா சொல்லாம இருந்தா எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது. உன் பொண்ணு முதல்ல என்ன சொன்னா தெரியுமா? 'எங்கப்பா இன்னிக்கும் மயங்கிட்டாரு'ன்னா."

"சரி..."

"சரியில்லம்மா. நல்லாக் கேளு. இன்னிக்கு இல்ல. இன்னிக்கும்."

சிக்னல் மாறியது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

"முன்னாடி இப்படி வந்திருக்கான்னு கேட்டேன். பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல் ஏதோ முணுமுணுத்துச்சு. அதுக்கப்புறம் 'இல்ல, இதான் முதல் தடவை'ன்னா. நான் ரெக்கார்டுல அதைத்தான் எழுத முடியும். எழுதிட்டேன். நீ போய் விசாரி."

போனை மடியில் வைத்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரைக் கேட்டவள் அவள். பதறிப்போய்ப் பேசுகிறவர்களின் முதல் வாக்கியத்தில் பொய் இருக்காது. பொய் சொல்ல நேரம் வேண்டும். அது இரண்டாவது வாக்கியத்தில்தான் வரும்.

இன்னிக்கும்.

"யாரு? என்ன சொல்றாங்க?" என்றாள் நாத்தனார்.

"ஆபீஸ்லேர்ந்து. நல்லாப் பேசிட்டுதான் போனாராம்."

அவசரப் பிரிவில் மூன்றாவது கட்டில். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சீருடைச் சட்டையின் பித்தான்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். மனைவியைக் கண்டதும் கணவர் சிரித்தார். நாலு நாள் தூங்காதவர் சிரிப்பது போல இருந்தது அது.

"ஏன் இவ்வளவு தூரம் ஓடி வரீங்க? வெயில் கொஞ்சம் தலைக்கு ஏறிடுச்சு, அவ்வளவுதான்."

நாத்தனார் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தலைமாட்டில் பட்டாணி நின்றாள். பள்ளிப் பையைக் கழற்றவே இல்லை. அம்மாவைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

டூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது. காதில் செருகிய பேனாவை எடுக்க மறந்து வேறு பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஈசிஜி சரியா இருக்கு. பிரஷர் சரியா இருக்கு. தண்ணி குடிக்காம ஓட்டியிருப்பாரு. டிரிப்ஸ் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாம். இது முதல் தடவைதானே?"

"ஆமா டாக்டர். முதல் தடவை" என்றார் கணவர். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

"எங்கண்ணன் தலைவலின்னுகூட ஒரு நாள் படுத்ததில்ல டாக்டர்" என்றாள் நாத்தனார் அழுகையின் நடுவே.

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பட்டாணி பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது.

"பட்டாணி, கொஞ்சம் வெளிய வா" என்றாள் அம்மா.

"எங்க கூட்டிட்டுப் போற?" கணவரின் குரல் சட்டென்று உயர்ந்தது. "பயந்து போயிருக்கா. அவளை விடு."

"தண்ணி வாங்கித் தரேன். நீங்க படுங்க."

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. பட்டாணி அதன் நுனியில் உட்கார்ந்தாள். அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

"டியூஷன் எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"பாலத்துக்குப் பக்கத்துல எந்த டியூஷன்?"

பட்டாணி பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள்.

"இன்னிக்கும்னா என்னடி அர்த்தம்?"

மகளின் முகம் அப்படியே சுருங்கியது. "யார் சொன்னா?"

"நீதான் சொன்ன. எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி."

பட்டாணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "மூணாவது தடவைம்மா."

அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"முதல் தடவை நம்ம வீட்லயே. மூணு வாரம் ஆச்சு. அப்பாவுக்கு அன்னிக்கு லீவு. அத்தை கடைக்குப் போயிருந்தாங்க. கூடத்துல நின்னு தண்ணி குடிச்சிட்டிருந்தாரு. டம்ளர் கைநழுவிச்சு. அப்படியே சுவத்தோட சரிஞ்சு உக்காந்துட்டாரு. கண்ணு மேல போயிடுச்சும்மா."

"நான் எங்கடி இருந்தேன்?"

"உள்ள."

அன்று டம்ளர் விழுந்த சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. கேட்டதுதான். நாத்தனார் எதையோ போட்டுவிட்டாள் என்று எண்ணி அடுத்த மணியை ஊசியில் எடுத்தாள்.

"நான் ஓடி வந்து உன் கதவைத் தட்டக் கையை ஓங்கிட்டேன். அதுக்குள்ள அப்பா கண்ணைத் தொறந்துட்டாரு. 'தட்டாத'ன்னாரு. 'அவ இப்பதான் மூச்சு விடறா. தட்டாத'ன்னாரு."

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று கடந்து போனது.

"அதுக்கப்புறம் எனக்கு நிம்மதியே இல்லம்மா. தினமும் அப்பாவோட நாலு மணி ட்ரிப்ல ஏறிடுவேன். முன்சீட்ல உக்காந்தா கண்ணாடியில அப்பா முகம் தெரியும். கண்ணு சொருகினா கத்தலாம்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். இன்னிக்கு அவரோட கழுத்து சாயறதைப் பார்த்துட்டுதான் 'அப்பா, ஓரம் கட்டு'ன்னு கத்தினேன்."

"தினமுமா?"

"நீ உள்ள போயிடுவ இல்ல? அப்போதானே நான் எங்க போறேன்னு பார்க்க மாட்ட."

மூன்று வாரம். பின்னறையில் அவள் மணி எண்ணிய ஒவ்வொரு நாளும், இந்தப் பெண் ஒரு கண்ணாடியில் இரண்டு கண்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கு அவள் போன வாரம் திட்டியதும் ஞாபகம் வந்தது.

மகளின் பையைத் தோளிலிருந்து கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ இங்கயே இரு."

திரும்பிப் போனபோது நாத்தனார் அண்ணனுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கணவருக்குப் புரிந்துவிட்டது. நாத்தனாருக்குத்தான் புரியவில்லை. "என்னத்தைச் சொல்லணும்? என்னண்ணே?"

"மூணாவது தடவை மயங்கியிருக்காரு உங்கண்ணன். முதல் தடவை கூடத்துல, நான் உள்ள இருக்கும்போது."

டீ டம்ளர் நாத்தனார் கையிலேயே நின்றுவிட்டது.

"மெதுவாப் பேசு" என்றார் கணவர். "சொன்னா என்ன ஆகும் தெரியுமா? டெப்போவுக்கு எழுதுவாங்க. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. இருபத்திரண்டு வருஷமா ஸ்டியரிங்கைத் தவிர வேற எதையும் பிடிக்கல நான். இறக்கிவிட்டா எங்க போய் நிப்பேன்?"

"அதுக்காகவா மறைச்சீங்க?"

"அதுவும்தான். ஆனா முதல்ல உனக்காகத்தான். கை நடுங்கிக்கிட்டு நீ உக்காந்திருந்ததைப் பார்த்தவன் நான். அந்த ரூமுக்குள்ள போக ஆரம்பிச்ச பிறகுதான் நீ ராத்திரி தூங்கற. நடுவுல இதைக் கொண்டுவந்து போடச் சொல்றியா?"

அந்த அன்பு அவளுக்குப் புரிந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் குரல் உடைந்தது.

"என் நிம்மதிக்குக் காவல் நிக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்டேனா? நீங்க நின்னது போதாதுன்னு அந்தப் புள்ளையையும் நிக்க வெச்சிருக்கீங்க. தினமும் பஸ்ல உக்காந்து அப்பா செத்துடுவாரான்னு பார்த்துட்டிருக்கா."

"நான் அவளை வரச் சொல்லல..."

"வராதன்னும் சொல்லல இல்ல? மணி கோக்கறது என்னைக் காப்பாத்திச்சு, நான் இல்லங்கல. எதுக்குக் காப்பாத்திச்சு? நாளைக்கு ஏதாவது ஆனா தாங்கணும்னுதானே? அந்த நாளும் வந்துச்சு, என்கிட்ட சொல்லவே இல்லன்னா, அப்புறம் நான் எதுக்குத் தேறணும்?"

கணவர் டிரிப்ஸ் ஏறும் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நாத்தனார் டீ டம்ளரை ஸ்டூலின்மேல் வைத்தாள். வரும்போது காரில் பேசியதெல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வழியெல்லாம் அண்ணியைக் கிழிச்சுட்டு வந்தேன். அவங்க எல்லாருக்கும் சொல்லிட்டுக் கதவைச் சாத்தினாங்க. நீங்க அப்பாவும் பொண்ணும் சாத்தினது யாருக்குமே தெரியல. சொல்லுண்ணே. நீ சொல்லலன்னா நான் சொல்றேன். என் வாயைப் பத்தி உனக்குத் தெரியும்."

டாக்டர் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கணவர் தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டர்" என்றாள் அவள். "இது முதல் தடவை இல்ல. மூணு வாரத்துல மூணாவது தடவை. வெயில்ல மட்டும் இல்ல, வீட்டுக்குள்ள நிக்கும்போதும் வந்திருக்கு. சில நொடியில தானா தெளிஞ்சுடறாரு."

டாக்டரின் முகம் மாறியது. எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கிழித்தார். "இதை ஏன் முதல்லயே சொல்லல? சிஸ்டர், இவரை மானிட்டர்ல போடுங்க. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது." கணவரிடம் குனிந்து, "காரணம் தெரியற வரைக்கும் நீங்க சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. டெப்போவுக்கு நான் எழுதியாகணும்" என்றார்.

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் அவர் தோளைத் தொட்டாள். தோள் அசையவில்லை.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓட ஆரம்பித்தது. நாத்தனார் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாணியும் வந்து அத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அரை மணி நேரம் எதுவும் ஆகவில்லை. டாக்டரிடம் அவசரப்பட்டுவிட்டோமோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு மனிதனின் இருபத்திரண்டு வருஷத்தை ஒரே வாக்கியத்தில் பறித்துவிட்டாளோ?

ஆறு மணிக்குச் சற்று முன்னால் பச்சைக் கோடு படுத்துவிட்டது.

இயந்திரம் கீச்சிட்டது. நர்ஸ் ஓடி வந்தாள். கணவரின் வாய் லேசாகத் திறந்துகொண்டது, கண்கள் மேலே போயின. நாத்தனார் "அண்ணே!" என்று அலறினாள். டாக்டர் நெஞ்சில் கையை வைத்துக் குனிவதற்குள் கோடு ஒரு தடவை துள்ளியது. இன்னொரு தடவை. பிறகு பழையபடி ஏறி இறங்கி ஓட ஆரம்பித்தது.

"ஆறு நொடி" என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடியே. அவர் நெற்றியிலும் வேர்வை. "இதயம் ஆறு நொடி நின்னுருக்கு. இதைத்தான் வெயில்னு நினைச்சு அனுப்ப இருந்தோம். இதயப் பிரிவுக்கு மாத்தறோம். பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். பயப்படாதீங்க, காரணம் கையில கிடைச்சிடுச்சு."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது கணவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு லிப்ட் வரை கூடவே நடந்தாள். கதவு மூடும்போது விட வேண்டியிருந்தது.

இதயப் பிரிவுக்கு வெளியே ஒருவரைத்தான் இருக்கவிட்டார்கள். நாத்தனார் முந்திக்கொண்டாள். "நான் இருக்கேன். நீங்க புள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க, மதியத்துலேர்ந்து அது ஒண்ணும் சாப்பிடல." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "ரூம்ல மணியெல்லாம் கொட்டிக் கிடக்கு. நாளைக்குக் காலையில நான் பொறுக்கி வெச்சுடறேன்" என்றாள். அவளால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

கேன்டீனில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பட்டாணி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ இனிமே மணி கோக்க மாட்டியாம். அத்தை சொன்னாங்க."

"சொன்னேன். கார்ல வரும்போது பயத்துல சொன்னேன்." அவள் தன் கைகளைப் பார்த்தாள். நடுங்கவில்லை. "உக்காருவேன்டி. தினமும் உக்காருவேன். கதவு மட்டும் திறந்தே இருக்கும். போன் மேஜைமேலயே இருக்கும். வீட்டுல யாருக்கு என்னன்னாலும் உள்ள வந்து சொல்லலாம். என்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இனிமே யாரும் எதையும் மறைக்கக் கூடாது. சரியா?"

பட்டாணி தலையாட்டினாள். ஆனால் தலையாட்டிய பிறகும் முகம் தெளியவில்லை. ரொட்டியைத் தள்ளி வைத்தாள்.

"எதையுமாம்மா?"

"எதையும்."

"ரெண்டாவது தடவை என்ன ஆச்சுன்னு நீ கேக்கவே இல்லையே."

அவளுக்கு உறைத்தது. முதல் தடவை கூடத்தில். மூன்றாவது இன்று. நடுவில் ஒன்று இருக்கிறது.

"சொல்லு."

"போன வியாழக்கிழமை. டெப்போவுக்குத் திரும்பற காலி வண்டி. நானும் அப்பாவும் மட்டும்தான். கல்லறைச் சுவர் ஓரமா ஒரு வளைவு வரும் இல்ல, அங்க." பட்டாணி சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். குரல் தணிந்தது. "வண்டி உடனே நிக்கலம்மா. ஓரமா ஒருத்தர் நடந்து போயிட்டிருந்தாரு. பக்கவாட்டுக் கண்ணாடி அவரைத் தட்டிச்சு. சத்தம் கேட்டுச்சு. அப்பா முழிச்சுக்கிட்டாரு. முழிச்சுக்கிட்டு, நிறுத்தாம வண்டியை எடுத்துட்டாரு."

கேன்டீன் ஆள் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் நகரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மகளின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆள் எழுந்தாரா?"



"தெரியலைம்மா. நான் திரும்பிப் பார்க்கல."